பின்வாசல் பூட்டு

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

சாவிக்காரர் கையில் திருப்புளியோடு அப்படியே நின்றுவிட்டார். காபிக் கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. மூடியிருக்கும்போது யாரோ சாமான் அறைக்குள் வந்துபோகிறார்கள், பூட்டைச் சோதித்துப் பாருங்கள் என்று மேலாளர் அவரை வரச் சொல்லியிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கடைவீதி சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. இரவெல்லாம் வாசலில் காவல் இருந்த அவருடைய மைத்துனன், "மாமா, நீங்க பூட்டையெல்லாம் பாத்துக்கிட்டு இருங்க, நான் ரெண்டு டீ வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்குப் போயிருந்தான். அப்படியானால் உள்ளே யார்?

மறுபடியும் நாற்காலிக் கால் தரையில் உரசியது. யாரோ மேல்மூச்சு வாங்கினார்கள்.

கவிழ்த்து வைத்த நாற்காலிகளைத் தாண்டிப் போய், பின்பக்கத்துச் சாமான் அறையின் கதவை மெதுவாகத் தள்ளினார். அறை நடுவே நாற்காலி மேல் ஒருவர் ஏறி நின்றார். புதிதாக அடித்த அட்டைக் கூரையில் ஒரு அட்டை விலகியிருந்தது. அந்த ஓட்டைக்குள் தலையும் கைகளும் போய்விட்டதால், வெளியே தெரிந்தது இடுப்புக்குக் கீழேதான். ஆனால் பாதத்தோடு பிறந்தது போல ஒட்டியிருந்த அந்தப் பழுப்புச் செருப்பைப் பார்த்ததுமே சாவிக்காரருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. 

"அண்ணே."

தலை வெளியே வந்தது. நரைத்த முடி முழுக்கத் தூசி. போன வருடம் வரை இதே இடத்தில் செருப்புக் கடை வைத்திருந்த பெரியவர் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தார்.

"அட, நீதானா தம்பி. உயிரே போயிடுச்சு. இந்தா, இதைக் கொஞ்சம் பிடி."

கயிறு போட்டுக் கட்டிய ஒரு ஜோடிச் செருப்பு கீழே வந்தது. சாவிக்காரர் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இங்க எப்படி வந்தீங்க?"

"எப்படி வருவாங்க? கதவைத் திறந்துதான்." பெரியவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சட்டைப் பையிலிருந்து, தேய்ந்து வழவழத்துப் போன ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். "பின்வாசல் சாவி. என்னோட பழைய சாவி. நீ வச்சுட்டுப் போன வழிதானே, எனக்குத் தெரியாதா?"

சாவிக்காரர் அந்தச் சாவியின் பல்லையே பார்த்தார்.

பெரியவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "ரிப்பேருக்கு வந்த செருப்பெல்லாம் இங்க பரண்ல இருந்தது தம்பி. காலி பண்ணச் சொன்ன அவசரத்துல புதுச் சரக்கைத்தான் எடுக்க முடிஞ்சது. திரும்பி வந்தா தகரம் அடிச்சு மறைச்சுட்டாங்க. மேனேஜர்கிட்டே கேட்டேன். பழைய குப்பைக்கெல்லாம் ஆள் விட முடியாதுன்னுட்டார். குப்பையாம். ஊரான் செருப்பு தம்பி அது, என்னை நம்பிக் கொடுத்தது. நல்லவேளை, கூரை போட்டவன் பரணை இடிக்கச் சோம்பல்பட்டு அதுக்குக் கீழயே அட்டையை அடிச்சுட்டுப் போயிருக்கான். புண்ணியவான்."

"அதுக்காகவா அண்ணே தினமும்..."

"தினமும் இல்ல. தோள் ஒத்துக்கிற அன்னைக்கு. ஒரு ஜோடி, மிஞ்சினா ரெண்டு. வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரேன். ஒரு அம்மா செருப்பைப் போட்டுப் பாத்துட்டு, இது என் கால்தானான்னே சந்தேகமா இருக்குன்னு சிரிக்குது. அவ்வளவு வருஷமாச்சாம் அதைக் கொடுத்து."

சொல்லிக்கொண்டே சிரித்தவர் சட்டென்று சாவிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கடை திறந்த அன்னைக்கு, சும்மா பின் சந்துல வந்து சாவியைப் போட்டுப் பாத்தேன். திறந்துடுச்சு. அந்தப் படியிலேயே உக்காந்து அழுதுட்டேன்டா தம்பி. எல்லாரும் என்னை வெளியே தள்ளினப்ப, ஒருத்தன் மட்டும் வாயைத் திறக்காம எனக்காக ஒரு கதவை விட்டு வச்சிருக்கானேன்னு."

சாவிக்காரர் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் தவித்தார். அதற்குள் முன்வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம்.

"மேனேஜர் வராரு. நீங்க போங்க அண்ணே. சீக்கிரம்."

செருப்பு ஜோடியை அவர் கையில் திணித்து, முதுகில் கைவைத்து, பெரியவரைப் பின்வாசல் வழியாகச் சந்தில் இறக்கிக் கதவைச் சாத்தினார். இந்தக் கட்டடத்திலிருந்து அவரை வெளியேற்றுவது இது இரண்டாவது முறை என்ற நினைப்பு, கை கதவில் இருக்கும்போதே வந்தது.

*

அந்தக் கடைவீதிக்குச் சாவிக்காரர் வந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை. அப்போது கடைகளுக்குப் பலகைக் கதவுகள். காலையில் ஒவ்வொரு பலகையாகக் கழற்றி, வரிசை மாறாமல் சுவரோரம் சாய்ப்பார்கள். வரிசை மாறினால் ராத்திரி கடை மூடாது. குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, அதில் குழந்தைத் தலை அளவுக்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டுகளின் சாவி தொலைந்தால் திறந்து கொடுப்பதும், தேய்ந்தால் புதிது ராவிக் கொடுப்பதும்தான் அவர் பிழைப்பு. வெயிலோ மழையோ, நடைபாதையில் ஒரு சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்.

ஒரு பெருமழை நாளில் செருப்புக்கடைக்காரர் அவரைக் கூப்பிட்டார். மாடிக்குப் போகும் படிக்கட்டின் அடியில் ஒரு ஆள் குனிந்து உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. "உள்ள வந்து உக்காரு தம்பி. சாவி துருப்பிடிச்சா நீ தேய்ச்சுக்குவே. நீ துருப்பிடிச்சா யாரு தேய்க்கிறது?" என்றார். அன்று உட்கார்ந்தவர்தான். சாவி வெட்டும் இயந்திரம் வாங்கியபோது அதற்கு மின்சாரம் செருப்புக் கடையிலிருந்தே இழுத்துக் கொடுக்கப்பட்டது. கல்யாணமாகி மனைவியை அழைத்து வந்த அன்று, பெரியவர் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்தார். "இந்தக் காலுக்கு அளவு எடுத்துத்தான் தைக்கணும், கடைச் சரக்கு சரிப்படாது" என்றார். தைத்தும் கொடுத்தார்.

வீதி மாறிக்கொண்டே இருந்தது. பலகைக் கதவுகள் போய் இரும்புச் சுருள் கதவுகள் வந்தன. காலையில் தெருவே இடி இடித்து எழுந்தது. சாலையை அகலப்படுத்தினார்கள். ஓட்டல் கட்டடத்தின் பால்கனியை வெட்டியதில், அதன் முகம் மூக்கறுத்த மாதிரி ஆனது. திரைப்படக் கொட்டகை கிடங்கானது, கிடங்கு அடுக்குமாடி ஆனது. அச்சகங்கள் இருந்த சந்தில் கைப்பேசி விற்றார்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் கண்ணாடி வந்தது.

ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமான் மூட்டை கட்டினார். ஒவ்வொரு மாற்றத்திலும் பூட்டு மாற்ற வேண்டியிருந்தது. பழைய ஆள் போனதும் பூட்டை மாற்றுவது, புதிய ஆள் வந்ததும் பூட்டு பொருத்துவது. தெரு அழ அழ, சாவிக்காரர் வீட்டு அடுப்பு நன்றாக எரிந்தது. அதை அவர் முதலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். ஆனால் வேலையை நிறுத்தவில்லை.

போன வருடம் ஒரு நிறுவனம் அந்த வரிசை முழுவதையும் வாங்கியது. மேலாளர் வந்து, "மாஸ்டர், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்த வரிசைப் பூட்டெல்லாம் மாத்திக் கொடுத்துடுங்க. இனிமே இந்தத் தெரு வேலை மொத்தமும் உங்களுக்குத்தான்" என்றார். வீதியில் யாரும் அவரை அதுவரை மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை.

அன்று முன்கதவுப் பூட்டைக் கழற்றும்போது, செருப்புக்கடைக்காரர் எதிர் நடைபாதையில் பைகளோடு நின்றார். சாவிக்காரர் திரும்பவே இல்லை. முதுகு எரிந்தது. இருந்தும் திரும்பவில்லை. கடைசியாகப் பின்வாசல். அந்தக் கதவின் பூட்டு பழங்காலத்தது, கனத்த கட்டைக்குள் புதைந்திருந்தது. அதை உளியால் தோண்டி எடுத்து, உள்ளேயிருக்கும் தகடுகளின் வரிசையை மாற்றி, திரும்பப் பொருத்தினால்தான் பழைய சாவிக்கு அது திறக்காது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மேலாளர் காரிலிருந்து ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தார். இந்தச் சந்துப் பக்கம் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சாவிக்காரர் பூட்டுக்கு எண்ணெய் விட்டார். பழைய சாவியின் பல்லைப் பார்த்து அதே மாதிரி இரண்டு புதுச் சாவி வெட்டினார். கண்ணாடி போல மெருகேற்றி, "புதுப் பூட்டு மாதிரிதான் சார்" என்று சொல்லிக் கொடுத்தார்.

அவ்வளவுதான். அதில் பாசம் இல்லை, பரிதாபம் இல்லை. அவசரம்தான் இருந்தது.

*

காரிலிருந்து இறங்கிய மேலாளர் நேராகச் சாமான் அறைக்கு வந்தார். கூரை அட்டையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"இன்னைக்கும் நகர்ந்திருக்கு பாத்தீங்களா மாஸ்டர். பூட்டு எப்படி இருக்கு?"

"பூட்டுல ஒரு பழுதும் இல்ல சார்."

"வேற சாவி போட்டுத் திறந்திருப்பாங்களா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆமாம் என்று தலையாட்டினால் போதும். சாவிக்காரர் தலையை ஆட்டத்தான் செய்தார். பக்கவாட்டில்.

"இல்ல சார்."

"அப்போ யாரோ உள்ள இருந்துதான் திறந்து விட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு மேலாளர் திரும்பினார்.

மைத்துனன் இரண்டு கையிலும் டீக் கோப்பையோடு வாசற்படியில் நின்றான். சின்ன வயதிலிருந்தே வீட்டிலும் தெருவிலும் அவனுக்குக் 'கொட்டாவி' என்றுதான் பெயர். சாப்பிடும்போதும் தூங்குவான், சைக்கிள் மிதிக்கும்போதும் தூங்குவான் என்று கேலி செய்வார்கள். குழந்தை பிறந்த பிறகு, மாமா வாங்கிக் கொடுத்த இந்தக் காவல் வேலைதான் அவனை விழிக்க வைத்தது. அதை யார் நம்பப்போகிறார்கள்?

"நான் யாருக்கும் திறக்கல சார். தூங்கவும் இல்ல. மாமாவைக் கேளுங்க. மாமா, நீங்களே சொல்லுங்க."

சாவிக்காரர் திருப்புளிகளைப் பெட்டிக்குள் அடுக்கினார். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினார்.

"நாளைலேருந்து வேற ஆள் வராங்க" என்றார் மேலாளர், குரலை உயர்த்தாமல். "உங்க சொந்தக்காரர்ங்கிறதால போலீசுக்கெல்லாம் போகல மாஸ்டர். அதோட விட்டுடலாம்."

 மைத்துனன் அந்த நேரத்திலும் ஒரு கோப்பையை மாமா கையில் கொடுத்தான். "ஆறிடும், குடிங்க" என்றான்.

*

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தன் வீட்டுக்குப் போக முகமில்லாமல் மைத்துனன் அக்கா வீட்டுக்கே வந்து, உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சாவிக்காரரின் மனைவி சமையல் கட்டுக்கும் அந்த அறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"ஒரு நிமிஷம் கண்ணு சொருகியிருக்கும்டா. ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சா போயிடுவே?"

"தூங்கலக்கா."

"தூங்காம எப்படிடா ஒருத்தன் உள்ள வருவான்?"

"அதான் எனக்கும் தெரியல. நேத்து ராத்திரி தூக்கம் வரக்கூடாதுன்னு நின்னுக்கிட்டே இருந்தேன். கால் வீங்கியிருக்கு, வேணும்னா பாரு."

"அந்தப் பச்சைக் குழந்தைக்கு உன் காலைக் காட்டியா பால் வாங்குறது?" என்று கேட்டவள், கேட்ட கையோடு அழுதுவிட்டாள். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கணவன் எதிரில் வந்து நின்றாள். "என்னங்க. உங்க பேச்சுக்கு அந்த மேனேஜர் மதிப்புக் கொடுப்பாரு. ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கக்கூடாதா?"

"பாக்கலாம்" என்றார் அவர்.

"எப்போ?"

 ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையைச் சொன்னால் நிறுவனத்தின் வேலை போகும். அது போனாலும் போகட்டும். வீதி முழுக்கத் தெரிந்துவிடும். பழைய சாவிக்கே திறக்கிற பூட்டைப் புதுசு என்று கொடுத்தவன் என்ற பேச்சு கிளம்பினால், பிறகு எந்தக் கதவுப் பக்கம் அவரைச் சேர்ப்பார்கள்? தராசில் கைவைத்தவன் என்று பெயரெடுத்த கடைக்காரன் கதிதான்.

பொழுது சாயும் வரை அவர் மனம் ஒரு பொய்யைத் தைத்துக்கொண்டிருந்தது. அன்று எதிர் நடைபாதையில் பெரியவர் நின்றாரே, அந்த இரக்கம் மனதின் அடியில் இருந்திருக்குமோ? கை தானாகவே அந்தப் பூட்டை மாற்றாமல் விட்டிருக்குமோ? நினைக்க இனிமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதை நம்பியும் பார்த்தார். ஆனால் உளியைக் கீழே வைத்த அந்தக் கணத்தில் தன் கண் எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியும். மேலாளரின் கார் மேல் இருந்தது.

விளக்குப் போடும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மனைவி போய்த் திறந்தாள்.

"வாங்கண்ணே, வாங்க. எவ்வளவு நாளாச்சு உங்களைப் பாத்து."

செருப்புக்கடைக்காரர் படியேறி வந்த களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கம் போல அவள் காலைத்தான் முதலில் பார்த்தார். "இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கறியேம்மா. வலிக்குதா?"

"வயசாகுதுல்ல அண்ணே."

"உனக்கே வயசானா நான் எங்கே போறது?" என்று உட்கார்ந்தவர், சாவிக்காரர் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு வற்றிவிட்டது. "டீக்கடையில சொன்னாங்க தம்பி. உன் மச்சானை நிறுத்திட்டாங்களாமே, என்னாலதானே?"

மனைவி திடுக்கிட்டு இருவரையும் பார்த்தாள். "உங்களாலயா?"

பெரியவர் ஒளிக்கவில்லை. பரண், ரிப்பேர் செருப்பு, பின்வாசல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, "நாளைக்குக் காலையில நானே மேனேஜர்கிட்டே போறேன். பூட்டைக் கம்பி விட்டு நெம்பித் திறந்தேன்னு சொல்லிடறேன். உன் மச்சானுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். உன் பேரும் கெடாது" என்றார்.

"உங்களைப் போலீசுல கொடுத்துட்டா?"

"கொடுக்கட்டுமே. இந்த வயசுல என்னைத் தூக்கி உள்ள வச்சா, சோறு போட்டு மருந்தும் அவங்கதான் வாங்கித் தரணும். அவங்களுக்குத்தான் கஷ்டம்." பெரியவர் சிரிக்க முயன்றார். "நீ வாயைத் திறக்காதே தம்பி. எனக்கு நல்லது செஞ்சவன் நீ. உன்னைக் காட்டிக் கொடுத்தா என் கட்டை வேகாது."

அந்த நேரத்தில் சாவிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? பேசாமல் இருந்தார். அதுதான் பிறகு எத்தனையோ நாள் அவரைச் சுட்டது. மைத்துனனுக்கு வேலை, தனக்குப் பெயர், தெருவில் மதிப்பு, எல்லாமே கெடாமல் திரும்பி வந்து மடியில் விழுகிறது. விழட்டும் என்று ஒரு நொடி மடியை விரித்தார் அந்த மனிதர்.

மனைவிதான் பேசினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இந்த ஆளோடு வாழ்ந்த வாழ்க்கைக்கு யாரோ மாலை போட்டது போல. "என்கிட்டே கூட ஒரு வார்த்தை சொல்லலண்ணே இவர். எப்பவும் இப்படித்தான். நல்லது செஞ்சா வெளியே தெரியக்கூடாது இவருக்கு."

அந்தப் பெருமையை அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"நான் உங்களுக்காக விடல அண்ணே."

"என்ன?"

"பூட்டை. உங்களுக்காக மாத்தாம விடல. தோண்டி எடுக்கணும், நேரமாகும். மேனேஜர் அவசரப்படுத்திக்கிட்டு இருந்தாரு. அந்தத் தெரு வேலை கை விட்டுப் போயிடக்கூடாதுன்னு, பழைய சாவிக்கே ரெண்டு நகல் வெட்டிக் கொடுத்துட்டேன். உங்க நினைப்பே எனக்கு அப்போ இல்ல." மைத்துனன் படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தார். "காலையில கேட்டப்பவும் பூட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். என் வேலை போயிடுமேன்னு, இவன் வேலையைப் போக விட்டேன்."

மனைவி முகத்திலிருந்த வெளிச்சம் எங்கே போனது என்றே தெரியவில்லை.  தண்ணீர்க் குவளையை எடுத்து, வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தாள்.

உள் அறையிலிருந்து மைத்துனன் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றான்.

"நான் டீயை வச்சுக்கிட்டு நின்னேனே மாமா" என்றான். "அப்போவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மாப்ளே."

 அவன் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாவிக்காரர் கைப்பேசியை எடுத்தார். எல்லோர் எதிரிலும்தான் பேசினார், தனியாகப் போனால் மறுபடி பயம் வந்துவிடும் என்று. பூட்டைப் பற்றிச் சொன்னார். பழைய சாவியைப் பற்றிச் சொன்னார். பெரியவர் தன் பொருளைக்கூட எடுக்கவில்லை, ரிப்பேருக்கு வந்த செருப்பை உடையவர்களிடம் சேர்க்கத்தான் வந்தார் என்று சொன்னார். 

"காலையிலேயே ஏன் சொல்லல மாஸ்டர்?"

"பயம் சார்."

"உங்க மச்சானை வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றார் மேலாளர். "நீங்க இனிமே வர வேண்டாம். இந்தத் தெருவுல நீங்க மாத்தின பூட்டையெல்லாம் வேற ஆளை வச்சுப் பாத்தாகணும் நான். எதை நம்புறதுன்னே தெரியல இப்போ."

"சரி சார். அந்தப் பெரியவர் செருப்பு இன்னும் கொஞ்சம்..."

"கடை திறந்த பிறகு, பட்டப் பகல்ல வந்து எடுத்துக்கச் சொல்லுங்க. ஏணி இருக்கு. நாற்காலில ஏறி விழுந்து வைக்கப் போறாரு."

பேச்சு முடிந்தது. கேட்டதைச் சாவிக்காரர் அப்படியே சொன்னார். மைத்துனன் முகம் கழுவப் போனான். வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் ஆகிக்கொண்டிருந்தது. குழாய் நெடுநேரம் ஓடியது.

மனைவி பெரியவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபத்துக்கு வேண்டிய பலம்கூட அதில் இல்லை.

"ஒண்ணு கேக்கறேன் தம்பி. மறைக்காம சொல்லு."

"கேளுங்கண்ணே."

"அன்னைக்கு நான் எதிர்ல நின்னேனே. நீ முன்கதவுகிட்டே குனிஞ்சிருந்தே. என்னைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் திரும்பாம இருந்தியா?"

சாவிக்காரர் தரையைப் பார்த்துத் தலையசைத்தார். "ஆமாண்ணே."

பெரியவர் அதை மெல்ல வாங்கிக்கொண்டார். "நீ பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "வேலை மும்முரத்துல பாக்கல, பாத்திருந்தா ஓடி வந்திருப்பான்னு வீட்டுல சொல்லியிருந்தேன்."

 கீழே தெருவில் ஒரு வண்டி போனது. பெரியவர் முட்டியில் கையூன்றி எழுந்தார். மனைவி ஓடி வந்து தாங்கப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"ஒரு வாய் டீயாவது குடிச்சுட்டுப் போங்கண்ணே."

"இன்னொரு நாள் குடிக்கறேன்மா. அந்தக் காலுக்கு மெத்தை வச்ச செருப்பாப் போடு. சும்மா விடாதே."

"நான் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடறேண்ணே" என்று சாவிக்காரர் சட்டையை எடுத்தார்.

"வேண்டாம்பா."

இத்தனை வருடத்தில் முதல் முறையாக அந்த வாயில் தம்பி என்ற சொல் வரவில்லை. சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி சாவிக்காரர் நின்றார்.

"உன் மச்சானுக்கு வேலை கிடைச்சுதே, அது போதும்" என்றார் பெரியவர். அது மனதார வந்ததுதான். அதனால்தான் இன்னும் வலித்தது.

வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டார். திரும்பிப் பார்ப்பார் என்று சாவிக்காரர் காத்திருந்தார். அவர் திரும்பவில்லை. வெளியே போய், வீட்டில் யாரோ நோயாளி தூங்குவது போல, சத்தம் வராமல் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு படியிறங்கினார்.